ஹரிக்கேனும் வேலூர் வெயிலும்: நான்கு வருட அனுபவம்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானமாக, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானங்களில் ஸ்பிட்ஃபயர் கட்டுவதா, ஹரிக்கேன் கட்டுவதா என்று ஆறு மாதம் யோசித்தேன். அழகில் ஸ்பிட்ஃபயர்தான். ஆனால் அதன் சக்கரக் கால்கள் நெருக்கமாக நிற்கும். மேடு பள்ளத்தில் இறங்கினால் இறக்கை நுனி தரையில் உரசிவிடும். நாங்கள் பறக்கவிடுவதோ காட்பாடி பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் ஒரு ஏரியில். ஹரிக்கேனின் கால்கள் அகலமாக நின்று உள்பக்கமாக மடங்கும், அதனால் அதையே எடுத்தேன். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியதும் ஹரிக்கேன்தான். எனக்கு அது சின்னக் காரணம் இல்லை.

நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12.19 மீட்டர். ஐந்தில் ஒரு பங்காக என்னுடையது 2.44 மீட்டர். பால்சா என்னும் லேசான மரம், பிளைவுட், 55 சிசி பெட்ரோல் எஞ்சின், மொத்த எடை 12 கிலோ. கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. இறக்கைக்குப் பால்சாத் தகடு ஒட்டும்போது பாலாற்று மணலைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி மேலே அடுக்கினேன். எந்தக் கிளாம்ப்பும் அவ்வளவு சீராக அழுத்தாது.

ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை. வால் கனம் சரியாக, மூக்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஈயம் வைத்தேன். கட்டுகிறவர்கள் வால் பக்கம் பெயின்டைக்கூட யோசித்து அடியுங்கள்.

வெயில்தான் பெரிய பாடுபடுத்தியது. எஞ்சினின் சிலிண்டர், மூக்கு மூடிக்குள் தலைகீழாக இருக்கிறது. முதல் கோடையில் பறந்த ஐந்தாவது நிமிடம் சூடேறி எஞ்சின் நின்றுவிட்டது. எப்படியோ உடையாமல் இறக்கினேன். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, சிலிண்டரின் சூட்டைத் தணிக்கும் துடுப்புகள் வழியாகவே அது போக வேண்டும். மெல்லிய பிளைவுட்டில் தடுப்பு வைத்து, காற்று வெளியேறும் வாயைப் பெரிதாக்கினேன். அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் நான் பறக்கவிடுவதில்லை.

அடுத்தது காற்றழுத்தத்தில் மடங்கும் கால்கள். இரண்டாம் வருடம் குழாய் விறைத்து, இணைப்பில் காற்று கசிந்து, ஒரு கால் பாதியில் நின்றுவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் ஒற்றைக் காலில் இறக்கப் பார்க்காதீர்கள். இரண்டையும் மடக்கி வயிற்றால் இறக்கினேன். புரொப்பெல்லரும் கீழ் மூடியும் போயின, இறக்கை தப்பியது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஓடி வந்து, "இன்னா சார், கால உள்ள இழுத்துகினு எறங்கிச்சே, அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் குழாய் முழுவதையும் மாற்றிவிடுகிறேன். டயர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஃபோம்தான், சீமைக்கருவேல முள்ளுக்கு வேறு எதுவும் தாங்காது.

இறக்கும்போது த்ராட்டிலை முழுசாக மூடாதீர்கள். சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் விசை இருக்கட்டும்.

அப்துல்லாபுரத்தில் விமான நிலையம், அரக்கோணத்தில் கடற்படைத் தளம் இருப்பதால், புது இடம் போனால் முதலில், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

இப்போது ஏரியில் தண்ணீர். இறக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் டேங்கை வடித்தாகிவிட்டது. கார்புரேட்டர் டயாஃபிரமும் இறக்கையின் ஐலரான் மடிப்புகளை அசைக்கும் இரண்டு சர்வோ மோட்டார்களும் மாற்ற வேண்டும். மார்ச்சுக்குள் முடித்துவிடுவேன்.