ஃபுளோரிடாவில் குறைந்த விலைக்கு வாடகை வீடு வாங்கப் போகிறவர்களுக்கு: வரி ரசீதில் ஒளிந்திருக்கும் கடன்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கம் வாழும் தமிழர்களிடையே, ஃபுளோரிடாவில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுங்கள் என்று சொல்லும் இணையவழிக் கூட்டங்கள் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கின்றன. அங்கே பனி இல்லை, மாநில வருமான வரி இல்லை, மக்கள் வந்து குவிகிறார்கள், விலையோ இங்கிருப்பதைவிட வெகு குறைவு என்பதே அவற்றின் சாரம். இவை பொய்யல்ல. 1957-க்குப் பிறகு முதன்முறையாக ஃபுளோரிடாவே நாட்டில் மிக வேகமாக வளர்ந்த மாநிலம் என்று 2022-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே அறிவித்தது. அப்படியொரு கூட்டத்தின் வழியாக, தாம்பாவுக்கும் ஒர்லாண்டோவுக்கும் நடுவே ஐ-4 நெடுஞ்சாலை செல்லும் போல்க் கவுண்டியில், புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில் வீடு வாங்கி நானும் என் மனைவியும் ஏமாற்றப்பட்டோம். முகவர் தமிழர், வாய் நிறைய அண்ணா, அண்ணி என்று அழைத்தவர். அவரைப் போன்ற ஒருவர் கொடுத்த வரவு செலவுத் தாளை இப்போது கையில் வைத்திருப்பவர்கள், கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிட வேண்டும்.

வீட்டின் விலை 3 லட்சத்து 15 ஆயிரம் டாலர். முகவர் கொடுத்த தாளில் ஆண்டுச் சொத்து வரி 900 டாலர் என்று இருந்தது. ஆதாரமாகக் கவுண்டியின் ரசீதையும் இணைத்திருந்தார். ரசீது உண்மையானதுதான், ஆனால் அது வீடு எழும்புவதற்கு முன்பு வெறும் மனைக்குப் போட்ட வரி. ஃபுளோரிடாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்தே வரி மதிப்பிடப்படுகிறது. அன்றைக்குக் கட்டுமானம் பெருமளவு முடிந்திராவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் நிலத்துக்கு மட்டுமே வரி. நவம்பரில் வரும் ரசீதும் அதையே காட்டும். ஆகவே புது வீட்டை வாங்குபவருக்கு முதல் ரசீது சிறியதாகவும் அடுத்த ஆண்டு ரசீது பல மடங்காகவும் இருப்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. அந்தக் கவுண்டியில் தொழில் செய்யும் ஒரு முகவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் வரி 900-இலிருந்து ஏறத்தாழ 4,300 டாலரானது.

பழைய வீடு வாங்குபவர்களுக்கும் இதே ஆபத்து வேறு வழியில் வருகிறது. தாமே குடியிருக்கும் உரிமையாளருக்கு வரி மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயராது என்று அந்த மாநிலத்தின் அரசமைப்பு பாதுகாப்புத் தருகிறது. அப்படி நெடுநாள் குடியிருந்தவரிடமிருந்து வீடு கைமாறினால், அடுத்த ஜனவரியில் மதிப்பு சந்தை நிலவரத்துக்கே ஏற்றப்படும். விற்பவர் கட்டும் வரி வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை.

வரி ஏறியதைக்கூடத் தாங்கியிருப்போம். அதே ரசீதின் கீழ்ப்பகுதியில், சொத்து மதிப்போடு தொடர்பில்லாத தீர்வைகள் என்ற தலைப்பில், மேலும் 2,350 டாலர் இருந்தது. அதுதான் சி.டி.டி. எனப்படும் சமூக மேம்பாட்டு மாவட்டத்தின் தீர்வை. 1980-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, குடியிருப்பை உருவாக்கும் நிறுவனம் தன் நிலப்பரப்புக்கென ஒரு சிறிய உள்ளாட்சி அமைப்பை ஏற்படுத்தச் செய்து, அதன் பெயரில் கடன்பத்திரங்கள் வெளியிட்டு, சாலை, குடிநீர்க் குழாய், மழைநீர்க் குளம், பூங்கா ஆகியவற்றைக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கடனை வட்டியோடு அடைப்பது வீடு வாங்குபவர்கள். கடன் பகுதி பெரும்பாலும் 30 ஆண்டு வரை ஓடும். பராமரிப்புப் பகுதிக்கு முடிவே இல்லை, அது வரவு செலவுத் திட்டத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். இந்தத் தீர்வைக்கான பற்றுரிமை, அதாவது கட்டாவிட்டால் வீட்டின் மீதே கைவைக்கும் உரிமை, சொத்து வரிக்கு இணையானது, வங்கியின் அடமானத்துக்கும் முந்தியது. சாலைச் செலவின் பெரும்பகுதி விலையிலிருந்து கழன்று வரி ரசீதுக்குப் போய்விடுவதால்தான், விளம்பரத்தில் அந்த வீடு பக்கத்துக் குடியிருப்பு வீட்டைவிட மலிவாகத் தோன்றுகிறது. சி.டி.டி. இருப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்தப்படும் மாவட்டங்கள் உண்டு. விலையை ஒப்பிட்டுக் காட்டும்போது இதை விட்டுவிடுவதுதான் மோசடி.

ஒப்பந்தத்தில் இது குறித்த பத்தி இருந்தது. முதல் விற்பனை ஒப்பந்தத்தில் இந்த எச்சரிக்கையை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, இது எவ்வளவு, தாளில் ஏன் இல்லை என்று என் மனைவி முகவருக்கு எழுத்தில் கேட்டார். "அது பார்க், ரோடுக்கான சின்னக் கட்டணம் அண்ணி, ஹெச்.ஓ.ஏ. மாதக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிடும்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை இன்னும் வைத்திருக்கிறோம். உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.வும் சி.டி.டி.யும் வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு கட்டணங்கள். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்குவதில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே தவறான பதிலைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கப்பட்டது.

கடன் கொடுத்த வங்கி, வரியையும் காப்பீட்டையும் கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வசூலித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கை மறுபடி கணக்கிட்டபோது எங்கள் மாதத் தவணை ஏறத்தாழ 480 டாலர் உயர்ந்தது. முன்னர் விழுந்த பற்றாக்குறையைத் தனியே கட்டினோம். வாடகைப் பக்கமும் வாக்குறுதி பொய்த்தது. 2,300 டாலர் வரும் என்றார்கள்; 1,850 டாலருக்கு மேல் யாரும் வரவில்லை, ஏனெனில் அதே தெருவில் எங்களைப் போன்ற முதலீட்டாளர்களின் வீடுகள் வரிசையாக வாடகைக்குக் காத்திருக்க, கட்டுமான நிறுவனமோ அடுத்த பகுதியில் புது வீடுகளைச் சலுகையோடு விற்றுக்கொண்டிருந்தது. மக்கள் வேகமாக வரும் ஊரில் வீடுகள் அதைவிட வேகமாக எழும்பினால் வாடகை உயராது.

முகவரிடம் கேட்டபோது, சி.டி.டி. தீர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கட்டுமான நிறுவனம் என்றார். நிறுவனத்தின் விற்பனை அலுவலகம் ஒப்பந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டியது. இங்கே ஒரு சட்ட நுணுக்கம் முக்கியமானது. ஃபுளோரிடாவில் எழுத்தில் வேறுவிதமாக ஏற்படுத்திக்கொள்ளாவிட்டால், முகவர் வாங்குபவரின் தனிப் பிரதிநிதி அல்லர். இரு தரப்புக்கும் பொதுவான பரிவர்த்தனைத் தரகராகவே கருதப்படுவார். உங்கள் நலனை மட்டும் காக்கும் கடமை அவருக்கு இல்லை. ஆனாலும் நேர்மையாக நடப்பதும், குடியிருப்புச் சொத்தின் மதிப்பைப் பாதிக்கும் தமக்குத் தெரிந்த, எளிதில் புலப்படாத உண்மைகளைச் சொல்வதும் அவருக்கும் கட்டாயம். அதன் அடிப்படையில், முகவர்களுக்கு உரிமம் வழங்கும் மாநிலத் தொழில்முறை ஒழுங்குமுறைத் துறையிடம், அந்தச் செய்தியை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

காப்பீட்டையும் தாளில் இருப்பதை நம்பாமல், அதே முகவரிக்கு நீங்களே விலை கேளுங்கள். 2022 செப்டம்பரில் வந்த இயன் புயல் கடலோரத்தோடு நிற்காமல் மாநிலத்தின் உட்பகுதியிலும் வெள்ளத்தை உண்டாக்கியது, சாதாரண வீட்டுக் காப்பீட்டிலோ வெள்ளச் சேதம் அடங்காது. குளிர் மாநிலத்தவர்களுக்கு ஃபுளோரிடாவைத் தூரத்திலிருந்து விற்பது புதிதும் அல்ல. 1950-களில் லீஹை ஏக்கர்ஸ் போன்ற இடங்களில் மனைகளைச் சிறு தவணையில் அஞ்சல் வழியாகவே விற்றார்கள். இப்படிப்பட்ட நில விற்பனைகளைக் கட்டுப்படுத்த 1968-இல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. அன்றும் இன்றும் வாங்குபவர் பார்க்காதது இடத்தை அல்ல, அந்த இடத்தோடு வரும் பொறுப்பை.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முகவரின் தாளை ஒதுக்கிவிட்டு, கவுண்டியின் வரி வசூல் அலுவலக இணையதளத்தில் அதே தெருவில் சென்ற ஆண்டுக்கு முன்பே கட்டி முடிக்கப்பட்ட, உரிமையாளர் குடியிருக்காத ஒரு வீட்டின் ரசீதைத் தேடி எடுங்கள். முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டின் கூட்டுத்தொகையே உங்கள் உண்மையான வரி. பிறகு அந்த சி.டி.டி. மாவட்டத்தின் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் மனைக்கு மட்டும் மீதமிருக்கும் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை விலையோடு கூட்டி, சி.டி.டி. இல்லாத பக்கத்து வீடுகளோடு ஒப்பிடுங்கள். வாடகைக்கு விடுவதற்கான குறைந்தபட்சக் காலம், சங்கத்தின் முன் அனுமதி போன்ற கட்டுப்பாடுகள் உள்ளனவா என்பதைச் சங்கத்தின் பதிவான விதிகளில் நீங்களே படியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. சி.டி.டி. தீர்வையின் கடன் பகுதியை மொத்தமாக முன்கூட்டியே அடைக்கப் பல மாவட்டங்கள் அனுமதிக்கின்றன; மேலாளரிடம் அதற்கான தொகையைக் கேட்டுப் பெறலாம். பராமரிப்புத் தீர்வையை நிர்ணயிக்கும் வரவு செலவுத் திட்டம் அக்டோபர் 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு முன் பொது விசாரணையில்தான் நிறைவேறும். கூட்டங்கள் எவருக்கும் திறந்தவை, ஆவணங்கள் மாவட்டத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.