காது மெஷின் ரிவ்யூ: வீட்ல கத்தாம பேசிக்க ஆரம்பிச்சிட்டோம்

எங்க வீட்டுக்காரருக்கு வாங்கின காது மெஷின் பத்தி எழுதறேன். காதுக்கு பின்னாடி மாட்டி, அதுல இருந்து மெல்லிசா ஒரு ஒயர் காதுக்குள்ள போற டைப்பு, ரிசீவர் இன் கேனல்னு சொல்றாங்க, சார்ஜ் போடற மாடல், ரெண்டு காதுக்கும் வாங்கினோம். கம்பெனி பேரு போடல, இந்த டைப்பு எல்லா பெரிய கம்பெனியிலயும் வருது, மெஷினை விட அதை யாரு செட் பண்ணி குடுக்கறாங்கன்றதுதான் முக்கியம்னு இப்ப நல்லா தெரிஞ்சிடுச்சு. பேட்டரி எவ்ளோ நேரம் நிக்குது, ப்ளூடூத் வருதான்னு சொல்ற ரிவ்யூ நெறைய இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா வாழ்ந்த புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இது என்ன பண்ணுதுன்னு யாரும் எழுதி நான் படிக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

அவரு எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரில, தகடை மெஷின்ல அடிச்சு வளைக்கற ப்ரெஸ் ஷாப்புல இருந்து ரிட்டையர் ஆனவரு. 85 டெசிபலுக்கு மேல தினம் எட்டு மணி நேரம்னு வருஷக்கணக்குல கேட்டா காது போகும்னு சொல்றாங்க, ப்ரெஸ் அடிக்கற சத்தம் அதையெல்லாம் எப்பவோ தாண்டினது, அந்த காலத்துல காதுல பஞ்சு வெச்சிக்கினா அதுவே பெருசு. வடசென்னைல ஃபேக்டரி, ஹார்பர், ரயில்வே ஒர்க்‌ஷாப்னு வேலை பாத்த ஆம்பளைங்க நெறைய பேருக்கு இந்த கதை இருக்கு. இதுல மோசமான விஷயம் என்னன்னா காது ஒரேயடியா போறதில்ல. கீச்சுன்னு இருக்கற சத்தம்தான் முதல்ல போகும். ச, ஸ, ஃப மாதிரி எழுத்து, பொம்பளைங்க குரலு, கொழந்தைங்க குரலு. லாரி ஹாரன் கேக்கும், கூட்டாளியோட கட்டைக்குரல் கேக்கும், பொண்டாட்டி சமையல் ரூம்ல இருந்து சொல்றது மட்டும் ஏதோ சத்தமா வரும், வார்த்தையா வராது. "ஊர்ல எல்லாரும் பேசறது கேக்குது, நான் சொன்னா மட்டும் கேக்காது"ன்னு எத்தனை வீட்ல பேச்சு வருது, அதுக்கு காரணம் மனசு இல்லைங்க, உள்காதுல இருக்கற மயிரிழை மாதிரி செல்லுங்க செத்து போறதுதான், போனது திரும்ப முளைக்காது.

நாங்க இருக்கறது காலடிப்பேட்டை. செவுத்தோட செவுரு ஒட்டின வீடுங்க, இங்க கத்தி பேசினா நாலு வீட்டுக்கு கேக்கும். அப்ப யோசிச்சு பாருங்க, புருஷன் கிட்ட எதை சொல்றதா இருந்தாலும் கத்தித்தான் சொல்லணும்னா எதெல்லாம் சொல்ல முடியும்? "சாப்பாடு ரெடி", "கேஸ் வந்துச்சா", "மாத்திரை போட்டீங்களா". அவ்ளோதான். வளையல் அடகுல இருக்கறதை கத்தி சொல்ல முடியுமா, உடம்புல எங்கயோ வலிக்குதுன்றதை, மச்சினர் வீட்ல நடந்ததை, புள்ளைய பத்தின பயத்தை? எங்க பொண்ணு முழுகாம இருக்கான்னு போன் வந்த அன்னிக்கு, மூணு மாசம் ஆகாம வெளிய தெரிய வேணாம்னு அவளே சொல்லிட்டா, நான் தினசரி காலண்டர் தாளை கிழிச்சு பின்னாடி எழுதி அவர் கைல குடுத்தேன். படிச்சாரு, கண்ணு நிறைஞ்சிடுச்சு, ஆனா அதுக்கு மேல அதை பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்க முடியல. காதுல பேசற விஷயம் எல்லாம் எங்க வீட்ல இருந்து போயிடுச்சு. கல்யாணம் ஆன புதுசுல அகஸ்தியா தியேட்டர்ல படம் ஓட ஓட காதுல பேசிக்கினே இருப்போம், பின் சீட்டுக்காரர் திட்டற வரைக்கும்.

அதைவிட பெரிய கஷ்டம், கத்தி சொன்னா பாசமா கேட்டதும் சண்டை மாதிரிதான் வரும். "சாப்ட்டீங்களா"ன்னு மெதுவா கேட்டா அது அக்கறை, தொண்டை கிழிய கேட்டா அதட்டல். பக்கத்து வூட்டு பொண்ணு எட்டிப் பாத்து "இன்னாக்கா, காலைலயே சண்டையா?"ன்னு கேக்கும்.

அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில ராபர்ட் லெவன்சன்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், லாரா கார்ஸ்டென்சன், ஜான் காட்மன்னு ரெண்டு பேரோட சேர்ந்து, நாப்பதுல இருக்கற ஜோடி, அறுபதுல இருக்கற ஜோடி எல்லாரையும் கூப்பிட்டு, அவங்களுக்குள்ள ஒத்து வராத ஒரு விஷயத்தை பேச சொல்லி வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க, 1995-ல வந்துச்சு. வயசான ஜோடிங்க கோவமும் வெறுப்பும் கம்மியா காட்டினாங்க, அந்த வாக்குவாதத்துக்கு நடுவுலயும் பாசம் காட்டினாங்கன்னு அதுல இருக்கு. நம்ம ஊர் தாத்தா பாட்டிங்கள பாத்தாலும் அது நெஜம்தான்னு தோணும். ஆனா அந்த பாசம் எதுல போகுது? முகத்துல கொஞ்சம், மீதி எல்லாம் குரல்ல, அதுவும் தணிஞ்ச குரல்ல. வயசானா காதல் கொறைஞ்சிடுச்சு, ஆளுக்கொரு மூலைல உக்காந்துட்டாங்கன்னு சொல்ற வீட்ல எல்லாம் முதல்ல காது டெஸ்ட் எடுத்து பாருங்கன்னு சொல்லுவேன் நான்.

சரி மெஷினுக்கு வரேன். மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டைல இறங்கி போனோம், சின்ன சென்டர்தான். முதல்ல இ.என்.டி. டாக்டர் கிட்ட காட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, சில பேருக்கு குரும்பி அடைச்சாலே காது கேக்காது, அதை எடுத்தா போதும், மெஷினே வேணாம், அதை நேர்மையா சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சுது. அப்புறம் சத்தம் போகாத ரூம்ல உக்கார வெச்சு, பீப் சத்தம் கேட்டா பட்டன் அழுத்த சொல்லி டெஸ்ட். க்ராஃப் போட்டு காமிச்சாங்க, கோடு நேரா வந்துட்டு, கீச்சு சத்தம் இருக்கற 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்குது, அது ஃபேக்டரி சத்தத்தோட அடையாளம்னாங்க. அந்த டெஸ்ட் எடுத்த ஆடியாலஜிஸ்ட் பொண்ணு மெஷின் செட் பண்றப்போ என்னையும் பக்கத்துல உக்கார சொல்லிச்சு. "ஆன்ட்டி, நீங்க வீட்ல பேசற மாதிரி பேசுங்க, அங்கிள் அதிகமா கேக்கப்போறது உங்க குரலைத்தான்". நான் மெதுவா, "என்னங்க, வெயில் ஏறதுக்குள்ள வீட்டுக்கு போலாமா"ன்னேன். அவரு என் வாயை பாக்கல, சுவத்துல இருந்த காலண்டரை பாத்துக்கினே, "போலாம், வழில மோர் குடிச்சிட்டு போலாம்"னாரு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு.

முதல் சில வாரம் கஷ்டம், இதை யாரும் சரியா சொல்றதில்ல. அவர் குரலே அவருக்கு பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி கேட்டுது, ஃபேன் சத்தம், பேப்பர் மடிக்கற சத்தம், குழாய் சொட்டறது எல்லாம் தலைய வலிக்க வெச்சுது. பல வருஷமா கேக்காத சத்தத்தை மூளை திரும்ப பழகணும், தினம் போட்டாதான் பழகும். இந்த கட்டத்துல டப்பால போட்டு பீரோல வெச்சிட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஒருத்தர் ஆன்லைன்ல மலிவா ஒண்ணு வாங்கி, அது எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்தி குடுக்க, தூக்கி போட்டுட்டாரு. காது டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணாததை வாங்கவே வாங்காதீங்க.

பழகினதுக்கு அப்புறம் வந்ததுதான் எனக்கு பெருசு. ஒண்ணுத்துக்கும் ஆகாத பேச்சு திரும்ப வந்துச்சு. வெண்டைக்கா முத்தலா இருக்கு, எதிர்வூட்டு பையன் புது வண்டி எடுத்துட்டான், காத்துல மழை வாசனை வருது. இதுக்கெல்லாம் யாரும் கத்த மாட்டாங்க இல்ல, அதனாலதான் அது முதல்ல நின்னு போச்சு. சண்டையும் திரும்ப வந்துச்சு, அதுவும் எனக்கு சந்தோஷம்தான். நடுவுல சில வருஷம் எங்க வீடு ரொம்ப அமைதியா இருக்குன்னு சொந்தக்காரங்க பாராட்டுவாங்க, சண்டை போடக்கூட தெம்பில்லாம வாய மூடிக்கினு இருந்த அமைதி அது. இப்ப நான் முணுமுணுத்தா கூட "என்ன சொன்ன?"ன்னு கேக்காம நேரா பதிலே வருது.

குறையும் இருக்கு. கல்யாண மண்டபம், மார்க்கெட், பஸ்ஸு, இங்கெல்லாம் பின்னாடி இருக்கற சத்தமும் சேர்ந்து வரும், மெஷின்ல இருக்கற மைக், நமக்கு முன்னாடி இருக்கறவங்க குரலை எடுக்கும்னு சொன்னாலும் நம்ம மேளத்துக்கு முன்னாடி அது தாங்காது. கடல் கிட்ட இருக்கறதால உப்புக்காத்து, வேர்வை, சிலிக்கா ஜெல் போட்ட ட்ரை பாக்ஸ் கண்டிப்பா வேணும். நுனில குரும்பி அடைக்கும், ஃபில்டர் அப்பப்ப மாத்தணும், அந்த குட்டி வேலைய அவர் விரல் செய்யாது, ப்ரெஸ்ஸுல தடிச்சு போன விரல், அதனால ஞாயித்துக்கிழமை நான்தான் வெளிச்சத்துல உக்காந்து மாத்தி விடறேன். ராத்திரி கழட்டி சார்ஜர்ல வெச்சிடணும், அதுக்கப்புறம் பேச்சு கிடையாது, கைய புடிச்சிக்கினு தூங்கிடுவோம். முக்கியமா பேச வேண்டியதை பத்து மணிக்குள்ள பேசிடறது பழக்கமாயிடுச்சு.

விலை ரெண்டு காதுக்கும் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல ஆச்சு, சீட்டு எடுத்த பணம். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லுல போட்டா கேளுங்க. இவ்ளோ முடியாதுன்றவங்க நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரி இ.என்.டி.ல முதல்ல காட்டுங்க, 60 வயசுக்கு மேல இருக்கற வறுமைக்கோட்டுக்கு கீழ உள்ளவங்களுக்கு மத்திய அரசோட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனால காது மெஷினும் இலவசமா குடுக்கறாங்க, 2017-ல இருந்து இருக்கு. லேட் பண்ணாதீங்க, காது கேக்காம விட்டா மறதி நோய் வர வாய்ப்பு கூடும்னு லான்செட்ன்ற மருத்துவ பத்திரிகையோட கமிஷன் 2020-லயும் 2024-லயும் சொல்லியிருக்கு. டெஸ்ட்டுக்கு போறப்போ புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, ரெண்டு பேருமே டெஸ்ட் எடுத்துடுங்க. மண்டபத்துல வேலைக்கு ஆகலைன்றதுக்காக மட்டும் ஒரு ஸ்டார் கொறைச்சு 4 ஸ்டார் குடுக்கறேன்.