ரிட்டயர் ஆகுற பிரின்சிபாலுக்கு பேர் போட்ட பத்தமடைப் பாய்: வாங்குனவங்க சொல்றோம்

எங்க காலேஜ் பிரின்சிபால் சார் மே மாசக் கடைசில ரிட்டயர் ஆனாரு. பாளையங்கோட்டைல இருக்குற கிறிஸ்தவக் கல்லூரி, பேரு வேண்டாம், அவருக்கு தன் பேரு வெளிய வர்றதே புடிக்காது. பழைய மாணவர்கள் சார்பா என்ன குடுக்கலாம்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல பேசுனப்போ வழக்கம்போல சால்வை, அக்ரிலிக் ஷீல்டு, தங்க மோதிரம், ஃபிரேம் போட்ட போட்டோன்னு வரிசையா வந்துச்சு. சால்வை அவர் வீட்ல பீரோ நிறைய கெடக்கு, ஷீல்டு வெக்க ஷோகேஸ்ல இடம் இல்ல, மோதிரம் அவரு போடவே மாட்டாரு. அப்பதான் எங்க செட்ல சேரன்மாதேவிக்காரன் ஒருத்தன் "அண்ணாச்சி, பத்தமடைப் பாய்ல பேர் போட்டு நெய்து குடுப்பமா"ன்னு கேட்டான். கல்யாணத்துக்கு மாப்ள பொண்ணு பேர் போட்டு நெய்வாங்கல்ல, அதே மாதிரி சார் பேரும் சேந்த வருசமும் ரிட்டயர் ஆன வருசமும். ஒருத்தர் கூட வேண்டாம்னு சொல்லல.

இந்த மாதிரி விழாவுக்கு என்ன வாங்கலாம்னு நெறைய பேர் தேடுவீங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

திருநெல்வேலில இருந்து அம்பாசமுத்திரம் ரோட்ல சேரன்மாதேவிக்கு முன்னாடி வரும் பத்தமடை. சுவாமி சிவானந்தர் பொறந்த ஊரு. ஆனா பத்தமடைன்னு சொன்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் பாய்தான் ஞாபகம் வரும். 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு இங்கேருந்து பாய் போச்சு, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. நெய்யறது பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். ஒரு முஸ்லிம் அக்கா வீட்டுத் திண்ணைல உக்காந்து ஒரு கிறிஸ்தவக் கல்லூரி பிரின்சிபாலுக்குப் பாய் நெய்றாங்க, அதுக்குக் காசு போட்டவங்கள்ல பாதிப்பேர் இந்து பசங்க. நெல்லைல இது ஒரு விசயமே இல்ல, இருந்தாலும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

பாய்ல ரகம் இருக்கு, இதைத் தெரிஞ்சுக்காம போனா குழம்பிருவீங்க. சாதா பாய், நடுத்தரம், அப்புறம் பட்டுப் பாய். பட்டுப் பாய்னா கோரையை பச்சையா இருக்கும்போதே மெல்லிசா கீறி, காயவெச்சு, ஓடுற தண்ணில நாள் கணக்குல ஊறப்போட்டு, அது உப்பி வந்தப்புறம் மறுபடி காயவெச்சு, சாயம் ஏத்தி, அதுக்கப்புறம்தான் தறிக்கே வரும். பாவு நூல், அதாவது தறில நீளவாட்டுல ஓடுற நூல், 100ல இருந்து 140 கவுண்ட் வரைக்கும் போகும், கவுண்ட் கூடக் கூட நூல் மெல்லிசு. கைல எடுத்தா துணி மாதிரி வழுக்கிட்டுப் போகுது, மடிச்சு பைக்குள்ள வெக்கலாம், ஒடியாது. சாதா பாயை அப்படி மடிச்சீங்கன்னா போச்சு.

நாங்க பட்டுப் பாய்தான் சொன்னோம். வேலை நடக்கும்போது பாக்கப் போனேன். தறி தரையோட தரையா இருக்கு, அந்த அக்கா ஒரு நீளக் குச்சில ஒவ்வொரு கோரையா கோத்து உள்ள விடுறாங்க, அச்சை இழுத்துத் தட்டுறாங்க, அடுத்தது. எழுத்து வர்ற இடத்துல மட்டும் நூலை எண்ணி எண்ணி கலர் கோரையை மாத்தி விடுறாங்க. பக்கத்துல கட்டம் போட்ட பேப்பர், அதுல சார் பேரு. காலைல ஆரம்பிச்சது மத்தியானத்துக்கு ஒரு எழுத்தோட பாதி உசரம்கூட வரல. ஒரு பைபிள் வசனம் முழுசா போடணும்னு எங்களுக்கு ஆசை, அக்கா கட்டத்தை எண்ணிப் பாத்துட்டு "இம்புட்டு எழுத்து போட்டா ஒண்ணும் வாசிக்க முடியாது தம்பி, சின்னதா ஒண்ணு சொல்லுங்க"ன்னுட்டாங்க. கடைசில பேருக்குக் கீழ 'எபெனேசர்'னு ஒரே வார்த்தை, 'இதுவரைக்கும் கர்த்தர் உதவி செஞ்சாரு'ன்னு சொல்ற பைபிள் வார்த்தை. சரியான முடிவு.

குறையும் சொல்லணும்ல. தமிழ் எழுத்து வளைவா இருக்குறதால பாய்ல படி படியா தான் வரும், கிட்ட பாத்தா 'ழ' கொஞ்சம் திணறுது, நாலடி தள்ளி நின்னு பாத்தா அழகா இருக்கு. இப்போ பெரும்பாலும் கெமிக்கல் சாயம்தான், பழைய சப்பாங்கட்டைச் சாயம் (மரக்கட்டைல எடுக்குறது) மாதிரி அந்த அடக்கமான சிவப்பு கிடைக்கல, எங்களுக்கு வந்தது கொஞ்சம் பளிச்னு இருந்துச்சு. வெலை ஆயிரக்கணக்குல போகும், ஒத்த ஆளா வாங்குறது கஷ்டம், குரூப்பா சேந்தா தாங்கும். ரெண்டு வாரத்துல வேணும்னு போய் நிக்காதீங்க. மூணு மாசம் முன்னாடியே சொல்லிருங்க, கோரை கிடைக்கிற சமயம், மழை, நோன்பு, பெருநாள்னு எல்லாம் பாக்கணும்.

சாரைப் பத்தி சொல்லாம இதை எழுதி என்ன பிரயோஜனம். காலைல முதல் பெல்லுக்கு முன்னாடி கேட்ல நிப்பாரு, லேட்டா வர்றவனை திட்ட இல்ல, "எந்த ஊர் பஸ்சுலே வந்தே"ன்னு கேப்பாரு, அடுத்த வாரம் அவனைப் பாத்தா ஊர்ப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. ஃபீஸ் கட்ட முடியாதவன் ஆபீஸ் ஜன்னல்ல நின்னு அழுதா அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள யாரோ கட்டிருப்பாங்க, யாருன்னு கேட்டா கிளார்க் அண்ணன் சிரிப்பாரு. 2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளம் வந்து காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டுச்சே, அப்போ ஹாஸ்டல் மெஸ்ல அடுப்பை அணைக்கவே விடல. பாதி ஊருக்கு கரண்ட் இல்ல, போன் இல்ல, சார் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு சோத்துப் பொட்டலம் கட்டிட்டு இருந்தாரு. தாம்பரத்துல மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி லைப்ரரிக்கு வில்லியம் மில்லர் பேரை வெச்சிருக்காங்க, அவரு 1862ல மெட்ராஸ் வந்து அந்தக் காலேஜ் பிரின்சிபாலா இருந்தவரு. எங்க சார் பேர்ல கட்டடம் வருமோ வராதோ, எங்க கையால முடிஞ்சது இந்தப் பாய்.

ஸ்தோத்திர ஆராதனை முடிஞ்சு ஹால்ல மேடைல குடுத்தோம். மத்த பரிசெல்லாம் வாங்கி அப்படியே பக்கத்து டேபிள்ல வெச்சவரு, இதை மட்டும் பிரிக்கச் சொன்னாரு. விரிச்சுப் புடிச்சோம். பேரை வாசிக்கல, மொதல்ல ஓரத்தைத் தடவிப் பாத்தாரு, "நெய்தது யாருலே"ன்னு கேட்டாரு. அக்காவை நாங்க கூட்டிட்டு வந்திருந்தோம், பின் வரிசைல உக்காந்திருந்தாங்க. மேடைக்குக் கூப்பிட்டு தனக்குப் போட்டதுல ஒரு சால்வையை எடுத்து அவங்களுக்குப் போட்டாரு. அவ்வளவு கைத்தட்டு அன்னிக்கு வேற யாருக்கும் விழல.

வாங்கப் போறவங்களுக்கு சில விசயம். ஊருக்குள்ளயே நெசவாளர் சொசைட்டி இருக்கு, வீட்ல நெய்றவங்களும் இருக்காங்க, நேர்ல போங்க. பேர் போடாத பாய் போதும்னா பூம்புகார்ங்கற அரசு கைவினைப் பொருள் கடைல கேட்டுப் பாருங்க. பத்தமடைப் பாய்னு சொல்லி மெசின்ல ஓட்டுன பாயும் பிளாஸ்டிக் கலந்ததும் ரோட்டோரம் விக்குது, கைல எடுத்து மடிச்சுப் பாக்காம வாங்காதீங்க. பேரும் வருசமும் கட்டம் போட்ட பேப்பர்ல எழுதிக் குடுத்து, நெய்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுத்துக்கூட்டி சரி பாத்துருங்க, நெய்தப்புறம் திருத்த முடியாது. ஈரம் ஆகவே ஆகாது, பூசணம் புடிச்சிரும், அழுக்கானா லேசா ஈரத்துணில துடைச்சு நெழல்ல காயவெச்சா போதும். கண்ணாடி ஃபிரேம் போட்டு சுவத்துல மாட்டச் சொல்லி சிலர் யோசனை சொல்லுவாங்க, வேண்டாம். சார் வீட்ல மத்தியானம் அதுலதான் படுக்குறாராம், சாரோட வீட்டம்மா போன்ல சொன்னாங்க.