சேலத்தில் பழைய ரேஸிங் ஸ்கிஃப் (இலகுவான வேகப் பாய்மரப் படகு) வாங்குவோர் கவனத்துக்கு: ‘கிளாஸ் லீகல்’ (போட்டி விதிக்கு உட்பட்டது) என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் தராதீர்கள்

சேலத்தில் ஓர் இடைத்தரகர் மூலமாக விற்பனைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் ட்வென்டி-நைனர் (29er, பிள்ளைகள் இருவராக ஓட்டும் ரேஸிங் ஸ்கிஃப்) படகு ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் கிடந்த படகு. மலையிலிருந்து இறக்கி, சேலத்து ஃபைபர் பட்டறை ஒன்றில் பூசி மெழுகியிருக்கிறார்கள். “எல்லாம் ஒரிஜினல்தாங்க, அப்படியே ரேஸுக்கு இறக்கலாம்” என்று சொல்லி எங்களிடம் முன்பணம் வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்), டாகர்போர்டு (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை), பாய் மூன்றுமே போட்டிக்கு ஆகாதவை, டெக்கும் (மேல்தளம்) பாழ். பணத்தைத் திருப்பிக் கேட்டால், “தண்ணியில ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்கிறார்கள். சென்னைக்குப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரிடம் இப்போது அதே படகைக் காட்டி வருவதாகத் தெரிகிறது.

ஓடுகிற படகும் ரேஸுக்குப் போகிற படகும் ஒன்றல்ல. ஜூலியன் பெத்வெய்ட் வடிவமைத்த ட்வென்டி-நைனரும் அதன் அண்ணன் ஃபார்ட்டி-நைனரும் (49er) கண்டிப்பான ஒன்-டிசைன் வகுப்புகள் (‘கிளாஸ்’), அதாவது எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஹல் (படகின் உடல்), மாஸ்ட், போர்டு, சுக்கான், பாய் எல்லாமே உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும். இவற்றின் விதிகள் ‘மூடிய’ வகை: அனுமதி என்று எழுதியிருப்பதை மட்டுமே செய்யலாம். எழுதாதது எதுவாக இருந்தாலும் தடை. இன்டர்நேஷனல் 14, மோத் போன்ற டெவலப்மென்ட் வகுப்புகள் (வடிவத்தை மாற்றிக்கொள்ள இடம் தரும் படகு வகைகள்) இதற்கு நேர்மாறு. மோத் படகு 3,355 மி.மீ. நீளத்தையும் 2,250 மி.மீ. அகலத்தையும் தாண்டாமல், விதியில் சொன்ன மற்ற சில அளவுகளுக்குள்ளும் இருந்தால் போதும், யாரும் எப்படியும் கட்டிக்கொள்ளலாம். பட்டறைக்காரர் கையால் செய்த போர்டு மோத்தில் செல்லும், ட்வென்டி-நைனரில் செல்லாது. தரகர் எங்களிடம் சொன்ன “வெளிநாட்டுல எல்லாரும் சொந்தமா மாத்திக்கிறாங்க” என்ற வாதம் இந்த இரண்டு வகையையும் வேண்டுமென்றே குழப்புவது.

இனி அந்தப் படகில் இருந்தவை. வாங்கப் போகிறவர்கள் இதே இடங்களில் கை வைத்துப் பாருங்கள்.

முதலில் மாஸ்ட். ட்வென்டி-நைனரின் மாஸ்டில் கீழ்ப்பகுதி அலுமினியம், மேல்நுனி வளையக்கூடிய காம்போசிட் (நாரும் ரெசினும் சேர்ந்தது). காற்று திடீரென்று ஓங்கி அடிக்கும்போது அந்த நுனி பின்னால் வளைந்து பாயின் மேல்பகுதியைத் திறந்துவிடும். அதிகப்படியான காற்று வெளியேறி, படகு சாயாமல் முன்னால் பாயும். இந்தப் படகின் வேகத்துக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அதுதான் ஆதாரம். விற்றவர்கள் உடைந்த நுனியை எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் அலுமினியக் குழாயை உள்ளே ஸ்லீவ் விட்டு ரிவெட் அடித்து, மேலே வெள்ளிப் பெயின்ட் பூசியிருந்தார்கள். இணைப்பில் விரலை வைத்துத் தடவினால் பெயின்டுக்கு அடியில் ரிவெட் தலைகள் நெருடும். மாஸ்டை இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தி நுனியைக் கையால் அழுத்திப் பார்த்தால் அசையவே அசையாது. இப்படிப்பட்ட மாஸ்டோடு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றில் இறங்கினால் பாய் திறக்காது. ட்ரபீஸில் (மாஸ்டிலிருந்து வரும் கம்பியில் இடுப்பைக் கொக்கி மாட்டி) படகுக்கு வெளியே தொங்குகிற பிள்ளையோடு படகு கவிழும்.

டாகர்போர்டு ப்ளைவுட்டில் அறுத்து ஃபைபர் சுற்றியது. பின்விளிம்பு தடியாக இருந்ததால், வேகம் எடுத்ததும் ‘ம்ம்ம்’ என்று அதிரும். போர்டு இறங்கும் பெட்டிக்குள் தளர்வாக ஆடியது. அந்த ஆட்டம் நாளாக நாளாகப் பெட்டியின் அடிமூலையைப் பிளந்து ஹல்லுக்குள் தண்ணீர் விடும். பாயில் கிளாஸ் அடையாளச் சீட்டே இல்லை. எண்ணும் ஹல் எண்ணோடு சேரவில்லை. பழைய எண்ணைக் கிழித்தெடுத்த பசைத் தடம் அப்படியே தெரிந்தது.

டெக் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்ப்பக்கம் இது எந்தப் படகுக்கும் வரும். ஸ்கிஃப்பின் ஹல் காற்றடைத்த பெட்டி மாதிரி: இரண்டு மெல்லிய ஃபைபர் தோலுக்கு நடுவில் ஃபோம், எல்லாத் திறப்பிலும் மூடி. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் சுமார் 280 மீட்டர். மேலே மூடியை இறுக்கி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழே கொண்டுவந்தால், வெளியே காற்றழுத்தம் கூடும், உள்ளே பழைய அழுத்தமே இருக்கும். காற்று கசியாத ஹல்லாக இருந்தால், இந்த வித்தியாசம் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். தட்டையான டெக் அதைத் தாங்காது. தோல் ஃபோமிலிருந்து விட்டுப்போகும். மேலே ஏற்றும்போது நடப்பது இதற்கு மறுதலை, டெக் உப்பிக்கொண்டு உரியும். மலைப்பாதையில் ஸ்கிஃப்பை ஏற்றினாலும் இறக்கினாலும் டிரெயின் மூடிகள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். இந்தப் படகை இறக்கியபோது யாரும் திறக்கவில்லை என்பது நிற்கும் இடத்திலேயே தெரிந்தது: மாஸ்டுக்குப் பின்னால் பிள்ளைகள் கால் வைக்கும் பகுதியில் ஒரு முறம் அகலத்துக்கு டெக் அமுங்கிக் கொடுக்கிறது.

சோதிக்க ஐந்து ரூபாய் நாணயம் போதும். டெக் முழுக்க நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சொல்லும், விட்டுப்போன இடம் ‘தொப்’ என்று மந்தமாக. அந்த எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் இதற்குச் செய்த வைத்தியம், துளை போட்டு ரெசின் ஊற்றியது. வெடிப்புகளை மூடத் தடிமனான பாலியெஸ்டர் பூச்சு வேறு. எடை கூடியதால் மட்டும் படகு தகுதி இழக்காது. குறைந்தபட்ச எடைக்குக் கீழே போனால்தான் சிக்கல். ஆனால் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் படகு எழும்பித் தண்ணீர் மேல் சறுக்குவதைத் தாமதப்படுத்தும். கிளாஸ் விதி அனுமதிக்கும் பழுதுபார்ப்பு, பழைய வடிவத்துக்கே திருப்பிக் கொண்டுவருவது. அடிப்பாகத்தில் புட்டி அடித்து வளைவை மாற்றியிருந்தால் அது பழுதுபார்ப்பே அல்ல. எடையைப் பார்க்க: மூடிகளைத் திறந்து, படகைச் சாய்த்து, ஓரிரு நாள் காயவிட்டு, இரண்டு பட்டையில் தொங்கவிட்டுத் தொங்கு தராசில் நிறுக்கவும். உள்ளே ஃபோம் நனைந்திருந்தால், இப்படிக் காயவிட்ட பின்னும் எடை குறையாது. கசிவைப் பார்க்க, காற்று மெத்தைக்கு ஊதும் சின்னப் பம்பு போதும், மேலே சோப்பு நீர் பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். கம்ப்ரஸரை மட்டும் பக்கத்திலேயே விடாதீர்கள், டெக்கைப் பிரித்துவிடும்.

காகிதம், பட்டயம்: ஹல்லில் கிளாஸ் பிளேக் (எண் பொறித்த சிறு பட்டயம்) பதிந்திருக்க வேண்டும். பாய்மரப் படகோட்டத்தின் உலக அமைப்பு ஐசாஃப் (ISAF) என்ற பெயரை 2015-ல்தான் வேர்ல்ட் செய்லிங் என்று மாற்றிக்கொண்டது. 2010-ல் கட்டிய படகு என்று சொல்லி, வேர்ல்ட் செய்லிங் பெயரோடு பிளேக் காட்டினால் கேள்வி கேளுங்கள். ஹல் எண், பிளேக் எண், பாய் எண், முந்தைய உரிமையாளரின் ரசீது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எண்ணைப் புகைப்படம் எடுத்து கிளாஸ் சங்கத்துக்கு அனுப்பி விசாரியுங்கள். அந்தப் பதில் வரும்வரை ஒரு ரூபாயும் வேண்டாம். பாய்மரப் படகுப் போட்டிகளுக்கான ரேஸிங் ரூல்ஸ் 78-ன்படி படகை விதிக்குள் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. புரொட்டஸ்ட் (எதிர்ப் போட்டியாளரின் புகார்) வந்தால் “விற்றவர் சொன்னார்” என்பது எடுபடாது.

ஃபார்ட்டி-நைனர் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் ஓடியபோது இருந்த அலுமினிய மாஸ்ட் இப்போதைய விதிக்கு வராது, இப்போது கார்பன். 2016 ரியோவில் பெண்களுக்காகச் சேர்ந்த எஃப்எக்ஸ் அதே ஹல்லில் சிறிய மாஸ்ட், சிறிய பாய். எந்த ரிக் (மாஸ்டும் பாயும் சேர்ந்த அமைப்பு) என்று கேட்காமல் விலை பேசாதீர்கள். படகோடு சேர்த்துத் தள்ளிவிடும் பழைய ட்ரபீஸ் ஹார்னஸும் (தொங்கும்போது அணியும் பட்டை) வேண்டாம். 2023 முதல் கொக்கியிலிருந்து உடனே விடுபடும் அமைப்பு இருக்க வேண்டும் என்று விதி. கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அதுதான் உயிர்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். “இந்த எண்ணுள்ள ட்வென்டி-நைனர், இந்தப் பாகங்களோடு, கிளாஸ் விதிக்கு உட்பட்டது, அளவீட்டில் தேறாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்” என்று வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். எங்களிடம் தரகர் அனுப்பிய ‘ரேஸ் ரெடி’ செய்தி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். செய்தி, பணப் பரிமாற்றச் சீட்டு, மாஸ்ட் இணைப்பின் படம், டெக்கில் போட்ட பென்சில் கோட்டின் படம் நாலையும் வைத்து நாங்கள் மனு தயார் செய்கிறோம். இதே படகுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் இருந்தால் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.