ஒழுங்கைக்கு வடிகான்: மாநகர சபையா, பிரதேச செயலகமா?

மட்டக்களப்பு நகருக்குள் ஒரு ஒழுங்கைக்கு வடிகான் கேட்க இரண்டு இடம் உண்டு. மாநகர சபை என்றால் வட்டார உறுப்பினரைப் பிடித்து, வரவு செலவுத் திட்டத்துக்குள் வேலையை ஏற்ற வேண்டும். இழுபடும். ஆனால் சபைக்குச் சோலைவரி (வீடு, காணிக்கான வரி) கட்டுகிறோம், உரிமையோடு கேட்கலாம். பிறகு மண் அடைத்தாலும் சபைதான் பொறுப்பு.

மற்ற இடம் பிரதேச செயலகம். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி (ஊர் வேலைகளுக்கு அவர் சிபாரிசில் ஒதுக்கும் அரச பணம்) நகருக்குரிய மண்முனை வடக்குப் பிரதேச செயலகம் ஊடாக வரும். சிறிய வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கமே ஒப்பந்தமாக எடுக்கலாம். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். (சங்கத்தின் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்தால்!) ஆனால் நிதியாண்டு டிசம்பரில் முடியும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்; மாரி மழையும் அப்போதுதான் கொட்டும். அந்த நேரத்தில் கொங்கிறீட் போடுவது வீண்வேலை.

சனசமூக நிலையத்துக்குக் கதிரை வாங்க இந்த நிதி நல்லது. வடிகானுக்குச் சபைதான் சரி: வெள்ளம் பல ஒழுங்கை தாண்டி வாவிக்குப் போகவேண்டும், ஒரு சங்கத்தால் அவ்வளவு தூரம் வெட்ட முடியாது.