ஒரே பத்திரம், மூன்று கணக்கு: வங்கி தன் முதலீட்டுக்குப் போடும் விலையை எப்படிப் படிப்பது?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாசி, பங்குனியில் புளி வரத்து. அந்த இரண்டு மாதமும் என் மச்சானை வீட்டில் பார்க்க முடியாது. ஊர் ஊராகப் போய்க் கொட்டை எடுத்த புளியை வாங்கி, கோல்ட் ஸ்டோரேஜில் ஏற்றிய பிறகுதான் மூச்சு விடுவான். வெளியில் வைத்தால் புளி கறுத்துவிடும். குளிரில் இருந்தால் அடுத்த வரத்து வரை நிறம் நிற்கும். போன வருஷம் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய சரக்கைப் புரட்டாசியில் 105-க்குத்தான் கேட்டார்கள். அவன் நோட்டில் மட்டும் 120 என்றே இருந்தது.

"நான் இன்னும் விக்கவே இல்லையே மாமா, அப்புறம் எதுக்கு நஷ்டம்னு எழுதணும்?" என்றான்.

சரக்கின் பேரில் அவனுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிக் கிளை அப்படிப் பார்க்கவில்லை. இன்றைய விலை 105, ஆகவே லிமிட்டும் அந்தக் கணக்கில்தான் என்று குறைத்துவிட்டது. அதே வங்கியின் பங்குகள் கொஞ்சம் அவன் கையில் உண்டு. ஆண்டறிக்கையைப் போனில் திறந்து, முதலீடுகள் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டான்: "என் புளிக்கு மட்டும் இன்னைக்கு விலை பாக்கறாங்க. அவங்க வாங்கி வெச்சிருக்கற பத்திரத்துக்கு வாங்குன விலையே போட்டிருக்காங்க. இது என்ன நியாயம்?"

கேள்வி சரியானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புளிக்கும் பத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம். புளி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அடுத்த தையில் அது 150-க்கும் போகலாம், 80-க்கும் போகலாம். அரசுக் கடன் பத்திரம் அப்படி அல்ல. ஆண்டுதோறும் இவ்வளவு வட்டி, இன்ன தேதியில் முழு அசல் என்று எழுதிக் கொடுத்த வாக்கு அது. நடுவில் அதன் விலை எத்தனை ஏறி இறங்கினாலும், கடைசி நாளில் 100 ரூபாய்ப் பத்திரத்துக்கு 100 ரூபாய் வரும். ஆகவே கடைசி வரை வைத்திருப்பவர் வாங்கிய விலையில் எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. புளிக்கு அந்த நியாயம் இல்லை. வங்கி மச்சானிடம் நடந்துகொண்டதில் தப்பில்லை என்பதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

ஆனால் கடைசி வரை வைத்திருக்க முடிந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். மொத்த விவகாரமும் இதில்தான் இருக்கிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வணிக வங்கிகளுக்குப் புது விதி கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன்படி வங்கியின் முதலீடுகள் மூன்று பெட்டிகளில் பிரியும். துணை நிறுவனங்களில் போட்ட பணம் தனி, அது இங்கே வேண்டாம். முதல் பெட்டி எச்.டி.எம்., அதாவது முதிர்வு வரை வைத்திருக்கப் போவது. இரண்டாவது ஏ.எஃப்.எஸ்., வட்டியும் வாங்குவோம், தேவைப்பட்டால் விற்கவும் செய்வோம் என்பது. இந்த இரண்டு பெட்டிக்கும் வரும் கடன் பத்திரம் அசலும் வட்டியும் மட்டுமே தருவதாக இருக்க வேண்டும். மூன்றாவது எஃப்.வி.டி.பி.எல்., மேலே இரண்டிலும் சேராத எல்லாம். அன்றாடம் வாங்கி விற்கும் சரக்கும் இதற்குள்தான் வருகிறது.

ஒரே பத்திரத்தை மூன்று பெட்டியிலும் போட்டுப் பார்ப்போம். 100 கோடி ரூபாய் முகமதிப்பு, 6 சதவீத வட்டி, இன்னும் 10 ஆண்டு பாக்கி. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். சந்தையில் இதே மாதிரிப் பத்திரத்துக்கு இப்போது 7 சதவீதம் கிடைக்கிறது. 7 கிடைக்கும்போது 6 தரும் பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்? விலை 92.98 கோடிக்கு இறங்கிவிடும். இறக்கம் 7.02 கோடி.

எச்.டி.எம். பெட்டியில் இருந்தால் இருப்புநிலைக் குறிப்பில் 100 கோடி அப்படியே இருக்கும். லாபத்திலும் மூலதனத்திலும் கீறல் இல்லை. ஏ.எஃப்.எஸ். என்றால் 92.98 கோடி. இறக்கம் லாப நஷ்டக் கணக்கைத் தொடாமல் நேரே ஏ.எஃப்.எஸ். ரிசர்வ் என்ற காப்பு நிதியில் கழியும். அந்தக் காப்பு நிதி வங்கியின் முதல்நிலை மூலதனத்தில், அதாவது நஷ்டம் வந்தால் முதலில் தாங்கும் சொந்தப் பணத்தில், சேர்த்தி என்பதால் மூலதனம் குறையும். மூன்றாவது பெட்டியிலும் 92.98 கோடிதான், ஆனால் 7.02 கோடியும் அந்த ஆண்டின் லாபத்தில் விழும். பத்திரம் தந்த 6 கோடி வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் ஆண்டு முடிவில் 1.02 கோடி நஷ்டம் என்று வரும். பத்திரம் ஒன்று, வட்டியும் ஒன்று. எந்தப் பெட்டி என்பதை வைத்து வங்கி நல்ல லாபத்திலும் தெரியும், நஷ்டத்திலும் தெரியும்.

மூன்றாவது பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரத்துக்காக வாங்கியதை இன்றைய விலையில்தான் பார்க்க வேண்டும். அன்றாட வியாபாரச் சரக்குக்கு மதிப்பீடு தினமும், மற்றதற்குக் குறைந்தது காலாண்டுக்கு ஒருமுறை. போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

என் பார்வையில் மூன்றிலும் ஏ.எஃப்.எஸ். முறைதான் நேர்மையானது. பத்திரத்தின் இன்றைய விலை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெறும் காகித ஏற்ற இறக்கம் லாபத்தைப் போட்டு ஆட்டுவதும் இல்லை. பழைய விதி எவ்வளவு கோணலாக இருந்தது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். முன்பு ஏ.எஃப்.எஸ். பெட்டியில் நிகர இறக்கம் வந்தால் லாபத்திலிருந்து ஒதுக்க வேண்டும். நிகர ஏற்றம் வந்தால் கண்டுகொள்ளவே கூடாது. ஜாக்கிரதை என்று அதற்குப் பேர். விளைவு என்ன? 2017 டிசம்பர் காலாண்டிலும் 2018 மார்ச் காலாண்டிலும் பத்திர விலைகள் சரிந்தபோது, அந்த நஷ்டத்தை நான்கு காலாண்டுகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியே சலுகை கொடுக்க வேண்டி வந்தது. ஏற்றத்தை மறைத்து, இறக்கத்தையும் தவணையில் காட்டும் கணக்கை வைத்துக்கொண்டு பங்குதாரர் என்ன தெரிந்துகொள்வார்? இப்போதைய முறையில் இரண்டும் குறைந்தது காலாண்டுக்கு ஒருமுறை அந்த ரிசர்வில் தெரிகிறது. விற்கும் நாளில் அந்த ஏற்றமோ இறக்கமோ லாப நஷ்டக் கணக்குக்கு வந்துசேரும். கடன் பத்திரத்துக்குத்தான் இது. ஏ.எஃப்.எஸ்.ஸில் வைத்த நிறுவனப் பங்கு என்றால், விற்ற லாபம் மூலதன ரிசர்வுக்குப் போகும், ஆண்டு லாபத்தில் கலக்காது.

எச்.டி.எம்.முக்கு எதிராக நான் பேசுவது போலத் தோன்றலாம். அப்படி இல்லை. நம் வங்கிகள் சட்டப்படியே தங்கள் டெபாசிட்டில் ஒரு பங்கை அரசுப் பத்திரம் முதலானவற்றில் போட்டே ஆக வேண்டும். இப்போது அது 18 சதவீதம். அந்த மலையளவு பத்திரம் முழுவதையும் வட்டி அசையும்போதெல்லாம் மூலதனத்தில் ஏற்றி இறக்கினால், 2022 மே மாதம் போன்ற நேரத்தில் வங்கி மூச்சுத் திணறிப்போகும். ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி. அப்போது 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. வாக்குத் தவறாத பத்திரம், பிடித்து வைக்கத் தெம்புள்ள வங்கி என்றால் வாங்கிய விலையில் எழுதுவதே பொருத்தம். பெட்டியை மனம்போல மாற்றவும் முடியாது. இயக்குநர் குழு ஒப்புதலோடு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியும் வேண்டும். ஒரு நிதியாண்டில் எச்.டி.எம்.மிலிருந்து விற்பது தொடக்க மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் முன் அனுமதி வேண்டும்.

தெம்பு இல்லாத வங்கிக்கு என்ன ஆகும்? அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி அதற்குச் சாட்சி. 2022 கடைசியில் அதன் எச்.டி.எம். பெட்டியில் சுமார் 91 பில்லியன் டாலர். சந்தை விலையில் அதே சரக்கு சுமார் 76 பில்லியன்தான். இந்த எண்ணை அவர்கள் ஒளிக்கவில்லை, அறிக்கையில் அச்சிட்டே கொடுத்தார்கள். முதல் பக்க மூலதனத்தில்தான் அது கழியவில்லை. 2023 மார்ச் 8 அன்று ஏ.எஃப்.எஸ். பத்திரங்களை விற்றதில் 1.8 பில்லியன் நஷ்டம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் டெபாசிட் வெளியேறியது. 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. பத்திரங்கள் எதுவும் வாக்குத் தவறவில்லை. பிடித்து வைக்கக் கைதான் இல்லை. அந்த டெபாசிட்டில் பெரும்பங்கு காப்பீட்டு வரம்புக்கு மேலே இருந்த கம்பெனிப் பணம்.

நம் ஊர்க் கிளையின் டெபாசிட் யாருடையது என்று யோசியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணம், ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பியது, மாந்தோப்பு குத்தகைப் பணம். பெரும்பாலும் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்குள் அடங்குவது. இவர்கள் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்பவர்கள் அல்ல. ஆகவே எச்.டி.எம். மதிப்பை நம்பலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் பத்திரத்தில் இல்லை, டெபாசிட் பக்கத்தில் இருக்கிறது. மச்சானுக்கு இது சட்டென்று பிடிபட்டது. மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்துவிட்டால் புளியை வந்த விலைக்குத் தள்ளித்தானே ஆக வேண்டும்?

சரி, இன்றைய விலை என்கிறார்களே, அதை யார் சொல்வது? இங்கேயும் மூன்று படிகள்.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் காலை ஏலத்தில் பெட்டி என்ன விலைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் முதல் நிலை: அதே சரக்கு, சுறுசுறுப்பான சந்தை, கண்ணால் பார்த்த விலை. இரண்டாம் நிலை, மண்டிக்கு வராமல் தோட்டத்தில் இருக்கும் தக்காளி. மண்டி விலையில் வண்டி வாடகை, தரம் இரண்டையும் கழித்துச் சொல்லிவிடலாம். அன்றாடம் கைமாறாத கம்பெனிக் கடன் பத்திரத்துக்கு இப்படித்தான் செய்கிறார்கள். சந்தை அளவுகோல்களை வெளியிடும் எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் தரும் அரசுப் பத்திர விலை, வட்டி விவரங்களை அடியாக வைத்து, கம்பெனியின் தரத்துக்கு ஏற்ப மேல்வட்டி சேர்த்து விலை காண்பார்கள். மூன்றாம் நிலை, இருபது வருஷத்து மாந்தோப்பு. அதே போன்ற தோப்பு பக்கத்தில் விற்கவில்லை. இன்னும் எத்தனை வருஷம் காய்க்கும், டன் என்ன விலை போகும், எல்லாமே மதிப்பிடுபவரின் அனுமானம். இரண்டு பேர் மதிப்பிட்டால் இரண்டு எண் வரும், இரண்டு பேரும் யோக்கியராகவே இருந்தாலும்.

மூன்றாம் நிலையை ரிசர்வ் வங்கி சந்தேகத்தோடுதான் வைத்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அதில் காட்டும், இன்னும் கைக்கு வராத நிகர ஏற்றத்தை முதல்நிலை மூலதனத்திலிருந்து கழித்துவிட வேண்டும். அதிலிருந்து டிவிடெண்டும் கொடுக்கக் கூடாது. வாங்கிய முதல் நாளே வாங்கிய விலைக்கும் மதிப்புக்கும் வித்தியாசம் வந்தால், நஷ்டத்தை உடனே எழுத வேண்டும், லாபத்தைத் தள்ளிப்போட வேண்டும். பட்டியலிடாத கம்பெனியின் பங்கை அதன் தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பிலிருந்து மதிப்பிடுவார்கள். அந்தக் குறிப்பு 18 மாதத்துக்கு மேல் பழசானால், எத்தனை கோடி போட்டிருந்தாலும், மொத்தக் கம்பெனிக்கும் மதிப்பு ஒரு ரூபாய். கணக்குக் கொடுக்காத கம்பெனியை இப்படித்தான் நடத்த வேண்டும்.

இந்த மூன்று பெட்டி விதி எல்லோருக்கும் பொது அல்ல. கிராம வங்கிகள் இதில் சேராது. நகைக்கடன், குழுக்கடன் கொடுக்கும் பெரிய நிதி நிறுவனங்கள் இண்ட் ஏ.எஸ். 109 என்ற கணக்குத் தரத்தில் எழுதுகின்றன. பெட்டிகள் ஏறக்குறைய இதே மாதிரிதான், பெயர்கள் வேறு. வங்கிகளையும் அந்தத் தரத்துக்குக் கொண்டுபோவதை 2019-இல் ரிசர்வ் வங்கி மறுதேதி சொல்லாமல் ஒத்திவைத்தது. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே கட்டிடத்தில் மாடியில் நிதி நிறுவனம், கீழே வங்கி என்று இருந்தால், இரண்டின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன் எந்தத் தரத்தில் எழுதியது என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: நம் வங்கிகள் கொடுத்த கடன்களுக்கு நியாய மதிப்பு (இதுவரை இன்றைய விலை என்று சொன்னது) போடுவதில்லை. பாக்கித் தொகையில், வராமல் போகலாம் என்று ஒதுக்கிய தொகையைக் கழித்துத்தான் காட்டுகின்றன. அடகு வைத்த நகையின் விலை ஏறினாலும் அது வங்கியின் சொத்தாக ஆகிவிடாது.

மச்சானுக்கு வழி காட்டினது இவ்வளவுதான். ஆண்டறிக்கையில் அட்டவணை 8 முதலீடுகள். அங்கேயே நின்றுவிடக் கூடாது. 18-க்குப் போனால் கணக்குக் குறிப்புகள். அங்கே எச்.டி.எம். பெட்டியின் புத்தக மதிப்பும் நியாய மதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். நியாய மதிப்பில் எழுதிய சரக்கு எந்தெந்த நிலையில் எவ்வளவு என்ற பட்டியலும் கிடைக்கும். உதாரணத்துக்கு எச்.டி.எம். 40,000 கோடி, நியாய மதிப்பு 38,800 கோடி என்று வைப்போம். வித்தியாசம் 1,200 கோடி. அதை வங்கியின் மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த தொகையின் பக்கத்தில் வைக்க வேண்டும். அது 9,000 கோடி என்றால் எட்டில் ஒரு பங்குக்கு மேல் காற்றில் நிற்கிறது. 60,000 கோடி என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தப் பெருக்கல் வகுத்தலை வங்கி முதல் பக்கத்தில் செய்து தராது. செய்து தர வேண்டும் என்பது என் ஆசை.

அன்று ராத்திரியே அவன் போன் செய்தான். அட்டவணை 18-ஐக் கண்டுபிடித்துவிட்டானாம், வித்தியாசத்தையும் எழுதிவிட்டானாம். "மாமா, ஏ.எஃப்.எஸ். மாதிரி என் நோட்டுலயும் ஒரு பத்தி போட்டுட்டேன். வாங்குன விலை 120, பக்கத்துலயே இன்னைக்கு விலை 105" என்றான். அது ஏ.எஃப்.எஸ். இல்லை, குறிப்பில் நியாய மதிப்பைச் சொல்லும் எச்.டி.எம். முறை, புளிக்கு அது செல்லாது, குறைந்த விலையையே கணக்கில் எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.