ஷாங்காயில் டீ குடிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள்

சீனாவில் படிக்க வந்திருக்கும் நம்ம பிள்ளைகள், முக்கியமாக இந்த வருடம் புதிதாக வந்தவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். போன மாதம் நானும் என் ரூம்மேட்டும் ஷாங்காயில் ஒரு டீக்கடையில் 700 யுவான் கொடுத்துவிட்டு வந்தோம். நம்ம காசுக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். எங்கள் கேன்டீனில் ஒரு வேளைச் சாப்பாடு 15 யுவான்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் படிப்பது சுஜோவில். அங்கிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரத்தில் ஷாங்காய். தேர்வு முடிந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் காபிக் கடைகளும் தெருச் சாப்பாடுமாகச் சுற்றுவது என்று கிளம்பினோம். எட்டாயிரத்துக்கும் மேல் காபிக் கடைகள் இருக்கிற ஊர் அது. காலையில் ஒரு தள்ளுகடையில் வெங்காயத்தாள் போட்ட பரோட்டா மாதிரி ஒன்றும் (சோங்யோபிங் என்பார்கள்) சூடான சோயாப் பாலும் வாங்கினோம். நான் ஸ்கேன் செய்யும்போது இரண்டு யுவான் கூடுதலாகப் போட்டுவிட்டேன், அந்தக் கடைக்கார அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, அந்த இரண்டு யுவானையும் நாணயமாகத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வுகாங் சாலை, 1924-இல் கட்டிய அந்தக் கப்பல் வடிவக் கட்டடம், பக்கத்துத் தெருவில் ஒரு காபி. 32 யுவான், ஆனால் கல்லாவுக்கு மேலேயே பலகையில் எழுதியிருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஊரே ஏமாற்றும் ஊர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மதியத்துக்கு மேல் மக்கள் சதுக்கம் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து பூங்காப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பெண்கள், எங்கள் வயதுதான் இருக்கும், போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தோம். எந்த ஊர், என்ன படிக்கிறீர்கள் என்று பேச்சு நீண்டது. தாங்களும் வெளியூர் மாணவிகள்தான், ஆங்கிலம் பேசிப் பழக ஆள் கிடைப்பதில்லை என்றார்கள். பத்து நிமிடம் நடந்த பிறகுதான், பக்கத்தில் தேநீர் விழா நடக்கிறது, இன்றுதான் கடைசி நாள், வருகிறீர்களா என்று கேட்டார்கள். சீன மொழி வகுப்பைத் தாண்டி எங்களிடம் இவ்வளவு நேரம் பேசியவர்கள் யாருமில்லை. அந்தச் சந்தோஷத்தில் போனோம்.

ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. ஜன்னல் இல்லாத சின்ன அறை, வாசலுக்குத் திரை. பட்டுச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, வாயில் காசு கவ்விய ஒரு களிமண் தவளையின் மேல் வெந்நீர் ஊற்றினாள். தவளை நிறம் மாறியது, அதிர்ஷ்டம் என்றாள். பிறகு ஒவ்வொரு டீயாக வந்தது: மல்லிகை, லோங்ஜிங், டியேகுவான்யின், பூஆர், கடைசியில் ஏதோ பழ டீ. கிண்ணம் கட்டைவிரல் உயரம்தான், இரண்டு மிடறில் தீர்ந்துவிடும். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டினார்கள். முழுக்கச் சீன எழுத்து, ஒரு மூலையில் 58 என்ற எண். கூட வந்த பெண் அதை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மூடி வைத்துவிட்டாள். டீக்கு 58, நாலு பேருக்குப் பிரித்தால் ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பில் 1,400 யுவான். 58 என்பது ஒரு வகை டீக்கு, ஓர் ஆளுக்கு. ஐந்து வகை, நாலு பேர், அதுவே 1,160. அறை வாடகை 180. நாங்கள் கேட்காமலே வைத்த தர்பூசணி விதைக்கும் உப்புப் பிளம்ஸுக்கும் 60. அந்த இரண்டு பெண்களும் முகம் சுளிக்காமல் பாதிக்குப் போனை நீட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு நாங்கள் எப்படிச் சண்டை போடுவது? "விடுடா, கொடுத்துட்டுப் போயிடலாம், பொண்ணுங்களே குடுக்கிறாங்க" என்றான் ரூம்மேட். யாரும் கதவைப் பூட்டவில்லை, மிரட்டவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் விலை கேட்பது மரியாதையில்லை என்று நம்மை வளர்த்திருக்கிறார்களே, அவர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். அந்தப் பெண்கள் கொடுத்த பாதி அதே கடைக்குள்ளேயே சுற்றுகிற பணம் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவே இல்லை.

இரவு விடுதியிலிருந்து சீனியர் அண்ணா ஒருவருக்குப் போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஃபாப்பியாவ் வாங்கினீங்களாடா?" ஃபாப்பியாவ் என்றால் வரித்துறை ஏற்கும் முறையான ரசீது. நான் கேட்டிருந்தேன், மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணத்தையும் கல்லாவில் இருந்த கியூஆர் அட்டையில் வாங்கவில்லை, டீ ஊற்றிய பட்டுச் சட்டைப் பெண்ணின் சொந்தப் போனில் இருந்த கியூஆரைத்தான் காட்டினார்கள். இரண்டையும் கேட்டதும் அண்ணா, "காலையில முதல் வேலையா போலீஸ் ஸ்டேஷன் போங்க, வெட்கப்படாதீங்க" என்றார். இது பழைய தந்திரம், பெய்ஜிங்கில் வாங்ஃபூஜிங் கடைத்தெருப் பக்கமும் இதே கதைதான் என்றார். சீனர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது. 2015 அக்டோபர் விடுமுறையில் சிங்தாவ் நகரில் இறால் 38 யுவான் என்று மெனுவில் பார்த்துச் சாப்பிட்டவர்களிடம், அது ஓர் இறாலின் விலை என்று சொல்லிப் பணம் கேட்டார்கள். நாடே கொதித்து, அந்தக் கடைக்கு 90,000 யுவான் அபராதம் போட்டார்கள்.

ஞாயிறு காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். வீசாட்டில் பணம் போன பதிவு, நேரம், மாடி எண், திரையின் நிறம் வரை சொன்னோம். அவர் கடைக்குப் போன் போட்டு இரண்டே நிமிடம் பேசினார். ஒரு மணி நேரத்தில் 500 யுவான் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. மீதி 200, குடித்த டீக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மஞ்சள் விலை அட்டையைப் போட்டோ எடுத்திருந்தால் முழுசாகவே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதனால் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் "தோ ஷாவ் சியன்" (எவ்வளவு விலை) என்று கேளுங்கள், கூடவே அது ஆளுக்கா, தட்டுக்கா, எடைக்கா என்றும் கேளுங்கள். டீத்தூள், மீன் எல்லாவற்றுக்கும் ஜின் கணக்கு, அதாவது 500 கிராம். சில கடைகளில் 50 கிராமுக்கான விலையை மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். விலை அட்டையை அவர்கள் மூடுவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் விடாதீர்கள், போலீஸுக்கு 110-ஐ அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 12315 இருக்கிறது. அந்த இடத்தில் இருந்து கிளம்புவதற்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.

இதை இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம், நேற்று ஷாங்காய் போன ஜூனியர் தம்பி ஒருவன் அனுப்பிய செய்தி. அதே பூங்கா வாசலில் இரண்டு பெண்கள் அவனிடம் போனை நீட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்களாம்.